பீட்டா எப்போது வரும்?

புதிய மென்பொருள் ஒன்று வரப்போகிறது என்ற அறிவிப்பு வெளியான பிறகு, அது எல்லோர் கைக்கும் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். சில சமயம் ஆண்டுகளே ஓடிவிடும். அந்தக் காலத்தின் கடைசிப் பகுதியில், வேலை முழுவதும் முடியாதபோதே, விரும்புகிறவர் யாரும் எடுத்துப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று வெளியிடப்படும் பதிப்புக்குப் பொது பீட்டா என்று பெயர். ஆனால் அந்தப் பீட்டாவுக்கே காத்திருக்க வேண்டியிருப்பது ஏன் என்பதுதான் பலருக்கும் விளங்குவதில்லை. குறைகள் இருக்கும் என்று சொல்லியே தரப்போகிற பதிப்பு அது. இருப்பதை இருக்கிறபடியே கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்பது நியாயமாகவே தோன்றும்.

ஒரு மென்பொருளின் சோதிக்கத்தக்க முதல் வடிவம் ஆல்ஃபா எனப்படும். முக்கியமான வசதிகள் அதில் ஓரளவு இயங்கும். பல இடங்களில் நின்றுபோகும். எழுதியவர்களும் அதே நிறுவனத்துச் சோதனையாளர்களும்தான் அதைத் தொடுவார்கள். வசதிகள் எல்லாம் சேர்க்கப்பட்ட பின் ‘இனிமேல் புதிதாக எதுவும் சேர்ப்பதில்லை, இருக்கிற பிழைகளை நீக்குவதுதான் வேலை’ என்று ஒரு கோடு போடுவார்கள். அதன்பிறகு வருவது பீட்டா. முதலில் தேர்ந்தெடுத்த சில நூறு பேருக்கு மட்டும் தருவது மூடிய பீட்டா; பிறகு வாசலைத் திறந்துவிடுவது பொது பீட்டா. அதையும் தாண்டினால், பெரிய பிழை எதுவும் புதிதாகத் தென்படாவிட்டால் இதையே வெளியிடலாம் என்ற நிலையில் ஒரு பதிப்பு வரும். கடைசியாக வருவது முழுமையான வெளியீடு. ஆல்ஃபா, பீட்டா என்ற பெயர்கள் ஐபிஎம் நிறுவனம் தன் இயந்திரங்களைச் சோதித்த பழைய முறையிலிருந்து மென்பொருள் உலகத்துக்கு வந்தவை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

பொதுச் சோதனை எதற்கு? எழுதியவர்களே நன்றாகச் சோதித்துவிட்டால் போதாதா? போதாது. ஓர் அலுவலகத்தில் இருபது முப்பது கருவிகள் இருக்கும். வெளியுலகத்திலோ பத்தாண்டு பழைய கணினி, நினைவகம் நிரம்பி வழியும் மலிவு விலைப் போன், அடிக்கடி அறுந்துபோகும் இணைப்பு, எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் முதியவர், வலமிருந்து இடமாக எழுதும் மொழி என்று எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வரும். இந்தக் கலவைகளை எந்தச் சோதனைக்கூடத்திலும் முழுதாக உருவாக்க முடியாது. இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. ஒரு மென்பொருளை எழுதியவருக்கு அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று தெரியும். அதனாலேயே தவறாகப் பயன்படுத்த அவருக்குத் தோன்றாது. பொத்தானை இரண்டு முறை அழுத்துவது, பாதியில் போனை அணைப்பது, பெயர் கேட்கும் இடத்தில் முகவரியை எழுதுவது போன்றவற்றை எல்லாம் முன்பின் அறியாதவர்கள்தான் செய்வார்கள்.

அப்படியானால் ஆல்ஃபாவையே பொதுவில் விட்டுவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். எழுதியவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஐம்பது பிழைகளோடு ஒரு பதிப்பு பத்தாயிரம் பேரிடம் போனால், அந்த ஐம்பதையே பத்தாயிரம் பேரும் திரும்பத் திரும்ப எழுதி அனுப்புவார்கள். யாரும் அறியாத ஐம்பத்தோராவது பிழையைப் பற்றி ஒரே ஒருவர் எழுதிய கடிதம் அந்தக் குவியலுக்கு அடியில் போய்விடும். தரவு சேமிக்கப்படும் முறை இன்னும் மாறிக்கொண்டிருக்கும் கட்டத்தில் கொடுத்தால், இந்த வாரம் சேமித்த கோப்பு அடுத்த வாரப் பதிப்பில் திறக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மென்பொருளை முதல்முறை திறந்து பார்த்து ‘இது சரிப்படாது’ என்று மூடியவர் இரண்டாவது முறை திறப்பது அரிது. முன்பின் பாராத கண்ணோடு பார்க்கும் வாய்ப்பு ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு தடவைதான் கிடைக்கும். தெரிந்த பிழைகளுக்காக அதைச் செலவழிப்பது வீண். பொது பீட்டாவுக்கு முந்தைய காத்திருப்பின் பயன் இதுதான்: வெளியார் கண்டுபிடிக்க வேண்டியவை மட்டும் மிஞ்சும்வரை உள்ளேயே களை எடுப்பது.

இந்தக் காத்திருப்பு எப்படி நடக்கும், அதன் முடிவில் வரும் பீட்டாவால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிள் நிறுவனத்தின் மேக் ஓஎஸ் எக்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. 1990களில் மேக் கணினிகளின் இயங்குதளம் பழசாகிவிட்டிருந்தது. ஒரு மென்பொருள் மாட்டிக்கொண்டால் கணினியே உறைந்து நின்றுவிடும், எழுதிக்கொண்டிருந்தது போய்விடும். அதற்கு மாற்றாக கோப்லாண்ட் என்ற பெயரில் ஒன்றைச் செய்துகொண்டிருப்பதாக 1994இல் ஆப்பிள் அறிவித்தது. வசதிகள் மேலும் மேலும் சேர்ந்துகொண்டே போனதால் வேலை முடியவில்லை. 1996 ஆகஸ்டில் அது கைவிடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், ஸ்டீவ் ஜாப்ஸ் தொடங்கியிருந்த நெக்ஸ்ட் நிறுவனத்தை நாற்பது கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்க ஆப்பிள் ஒப்பந்தம் செய்தது. அதன் இயங்குதளத்தை அடித்தளமாக வைத்துப் புதியதைக் கட்டத் தொடங்கியது. முதலில் போட்ட திட்டத்தின்படி மற்ற நிறுவனங்கள் தங்கள் மென்பொருள்களை ஏறத்தாழ முதலிலிருந்தே எழுத வேண்டியிருந்தது. அவர்கள் அதற்கு இசையவில்லை. பழைய நிரல்களைச் சிறிது திருத்தி ஓட்டக்கூடிய வழியையும் சேர்த்து, 1998 மே மாதம் மேக் ஓஎஸ் எக்ஸ் என்ற பெயரில் திட்டம் மறுபடி அறிவிக்கப்பட்டது.

2000 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் அதன் புதிய தோற்றத்தை ஜாப்ஸ் காட்டினார். நீர்த்துளி போல மின்னும் பொத்தான்களையும் திரையின் அடியில் சின்னங்கள் வரிசையாக நிற்கும் பட்டையையும் பார்த்தவர்கள் அது உடனே கைக்கு வர வேண்டும் என்று விரும்பினார்கள். அந்தக் கோடையிலேயே விற்பனைக்கு வரும் என்று அப்போது சொல்லப்பட்டது. மே மாதம் அந்த வாக்கு மாற்றப்பட்டது: கோடையில் வருவது பொது பீட்டா மட்டுமே, முழுப் பதிப்பு அடுத்த ஆண்டு. ஏமாற்றமாக இருந்தாலும் அது நேர்மையான முடிவு. பீட்டாவும் கோடையின் விளிம்பில், 2000 செப்டம்பர் 13 அன்று பாரிஸில் நடந்த கண்காட்சியில்தான் வெளியானது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளில், குறுந்தட்டில், 29.95 டாலர் விலையில் வந்தது. முடியாத மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கிச் சோதிக்கச் சொல்வது முறையா என்ற கேள்வி எழுந்தது. ஆனாலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் போயின. பயன்படுத்தியவர்கள் எழுதி அனுப்பிய கருத்துகள் 75,000க்கும் மேல் என்று 2001 ஜனவரியில் ஆப்பிள் தெரிவித்தது.

அந்தக் கருத்துகளால் என்ன மாறியது என்பதைத் திரையின் ஒரு மூலையை வைத்தே சொல்லிவிடலாம். பழைய மேக்கில் திரையின் இடது மேல் மூலையில் ஆப்பிள் சின்னம் இருக்கும். அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும். அன்றாடம் தேவைப்படும் பலவற்றுக்கும் மக்கள் பல ஆண்டுகளாக அங்கேதான் போய்ப் பழகியிருந்தார்கள். பீட்டாவில் அந்தச் சின்னம் மேல்பட்டையின் நடுவுக்கு நகர்ந்திருந்தது. அழுத்தினால் எதுவும் நடக்காது, வெறும் அலங்காரம். கை பழகிய இடத்தில் வெறுமை, கண் போகும் இடத்தில் பயன் இல்லாத ஒரு பொம்மை. புகார்கள் குவிந்தன. 2001 மார்ச் 24 அன்று முழுப் பதிப்பான 10.0 வந்தபோது சின்னம் இடது மூலைக்குத் திரும்பியிருந்தது. அழுத்தினால் கணினியை உறங்கச் செய்ய, மறுபடி தொடங்க, அணைக்க, மாட்டிக்கொண்ட மென்பொருளை நிறுத்த என்று தேவையானவை வரிசையாக வந்தன. இன்றைய மேக் கணினிகளிலும் அந்தப் பட்டியல் அதே மூலையில் இருக்கிறது. வடிவமைப்பாளர்கள் மாதக்கணக்கில் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான். அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத பழக்கத்தின் வலிமையைச் சாதாரணப் பயனர்கள் உணர்த்திவிட்டார்கள்.

பீட்டாவுக்குக் காலக்கெடுவும் இருந்தது. 2001 மே மாத நடுவில் அது தானாக இயங்காமல் நின்றுவிடும்படி எழுதப்பட்டிருந்தது. குறைகளோடு கூடிய பதிப்பு நிரந்தரமாகக் கணினிகளில் தங்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. இன்றும் பல பீட்டாக்களில் உண்டு. பீட்டாவை வாங்கியவர்களுக்கு 129 டாலர் விலையுள்ள முழுப் பதிப்பில் 30 டாலர் கழிவு தரப்பட்டது. அந்த 10.0 பதிப்பும் குறைவற்றதாக இல்லை. மெதுவாக ஓடியது, டிவிடி படம் பார்க்கும் வசதிகூட அதில் இல்லை. 2001 செப்டம்பரில் இலவசமாக வந்த 10.1 பதிப்புதான் பலருக்கும் அன்றாட வேலைக்கு உகந்ததாக அமைந்தது. அதன்பிறகு ஆப்பிள் தன் கணினி இயங்குதளத்துக்குப் பொது பீட்டா தந்தது 2014இல்தான். அந்த முறை பணம் வாங்கவில்லை; முதல் பத்து லட்சம் பேருக்கு என்று இடம் ஒதுக்கியது.

சொன்ன தேதியில் மென்பொருள் வராமல் போவதற்குச் சோம்பல் காரணமாக இருப்பது அபூர்வம். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 இயங்குதளப் பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1975இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். பிந்திப்போன திட்டத்தில் புதிதாக ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்பது அவர் கண்ட முடிவு. புதியவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டும். அந்த விளக்கத்தைத் தருகிறவர்கள் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் பழையவர்கள். ஆட்கள் கூடக்கூட ஒருவரோடொருவர் பேசித் தீர்க்க வேண்டியவையும் பெருகும். பிழை நீக்கும் வேலைக்கு இன்னொரு இயல்பும் உண்டு: ஒன்றைத் திருத்தும்போது முன்பு சரியாக ஓடிய மற்றொன்று கெடும். அதனால் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் பழைய சோதனைகளை எல்லாம் மறுபடி நடத்த வேண்டியிருக்கிறது.

தேதியை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்கா 2013இல் பார்த்தது. மருத்துவக் காப்பீடு எடுப்பதற்கான அரசு வலைவாசல் அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டாக வேண்டும் என்ற நிலை. முதலிலிருந்து கடைசிவரை முழு வழியையும் ஓட்டிப் பார்க்கும் சோதனை கடைசி இரண்டு வாரங்களில்தான் நடந்தது என்று ஒப்பந்ததாரர்கள் பின்னர் நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னார்கள். திறந்த நாளில் லட்சக்கணக்கானோர் வந்து மோதினர். பதிவை முழுதாக முடிக்க முடிந்தவர்கள் ஆறு பேர். பொதுச் சோதனை என்ற படியே இல்லாமல், முதல் நாளே நாடு முழுவதையும் உள்ளே விட்டதன் விளைவு அது.

இதற்கு நேர்மாறான வழியில் நடப்பது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். தன்னார்வலர்கள் உருவாக்குவது. ‘தயாரானதும் வரும்’ என்பதே நெடுங்காலமாக அவர்கள் சொல்லிவரும் பதில். 2002 ஜூலையில் ஒரு பதிப்பு வந்தது. அடுத்தது வர 2005 ஜூன் ஆகிவிட்டது. ஏறக்குறைய மூன்றாண்டு. பொறுமை இழந்து வேறு பக்கம் போனவர்களும் உண்டு. ஆனால் வெளியீட்டைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கான பிழைகள் எத்தனை மிச்சம், எவை, யார் பார்க்கிறார்கள் என்பது அங்கே எப்போதும் எல்லோருக்கும் திறந்தே இருக்கும். காத்திருப்பவர் அந்த எண்ணிக்கை குறைந்துவருவதைப் பார்த்துத் தாமே கணித்துக்கொள்ளலாம். பொறுமை கேட்கிற எந்த நிறுவனமும் இந்த அளவுக்காவது கணக்குக் காட்டக் கடமைப்பட்டது. 1997இல் அறிவிக்கப்பட்டு 2011 ஜூனில் வெளிவந்த ‘டியூக் நியூகெம் ஃபார்எவர்’ என்ற கணினி விளையாட்டு, காத்திருந்தாலே தரம் வந்துவிடாது என்பதற்குச் சான்று. பதினான்கு ஆண்டு காத்திருந்து வாங்கியவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

பீட்டா வந்தாலே போதாது. அதில் வரும் சொல்லைக் கேட்கவும் வேண்டும். 2018 அக்டோபர் 2 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10 புதுப்பிப்பு, சில கணினிகளில் ஆவணங்களும் படங்களும் இருந்த கோப்புறைகளையே அழித்துவிட்டது. சில நாட்களில் நிறுவனம் அதை நிறுத்திவைத்தது. சரிசெய்து மறுபடி வெளியிட நவம்பர் 13 ஆனது. பாதிக்கப்பட்டதாகப் புகார் சொன்னவர்கள் நிறுவியவர்களில் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவே. ஆனால் தன் குடும்பப் படங்களை இழந்தவருக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தராது. இதில் வருந்தத்தக்க செய்தி, சோதனைப் பதிப்பைப் பயன்படுத்திய சிலர் இதே இழப்பைப் பற்றி முன்னதாகவே எழுதியிருந்தார்கள் என்பது. அதிகம் பேர் ஆதரவு தெரிவித்த புகார்கள் மேலே வரும்படி அந்த அமைப்பு இருந்தது. ஒருசிலர் மட்டும் எழுதியது யார் கண்ணிலும் படவில்லை. அதன்பிறகுதான், பிழை எவ்வளவு கடுமையானது என்பதையும் எழுதுகிறவரே குறிப்பிடும் வசதி சேர்க்கப்பட்டது.

இந்திய மொழிகளுக்கு இதில் தனி அக்கறை உண்டு. 2018 பிப்ரவரியில் ஐபோன்களில் ஒரு வினோதப் பிழை வெளிப்பட்டது. தெலுங்கு எழுத்துத் தொடர் ஒன்று செய்தியில் வந்தாலே அந்தச் செயலி நின்றுபோகும்; அறிவிப்பில் தோன்றினால் போனே மாட்டிக்கொள்ளும். மெய்யும் மெய்யும் சேர்ந்து, அதன்மேல் உயிர்க்குறியும் ஏறும் கூட்டெழுத்து அது. அதை வரையும் நிரல் தடுமாறியது. அடுத்து வரவிருந்த 11.3 பதிப்பின் பீட்டாவில் அந்தப் பிழை முன்பே நீக்கப்பட்டிருந்தது. வெளியில் இருந்த பதிப்புக்கான திருத்தம் பிப்ரவரி 19 அன்று அவசரமாக வந்தது. தமிழிலும் இத்தகைய இடங்கள் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தில் உயிர்க்குறி மெய்க்கு இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. ‘ஸ்ரீ’ பல குறிகள் சேர்ந்து ஒன்றாகிறது. தமிழில் அன்றாடம் தட்டச்சு செய்கிறவர்கள் பீட்டாவில் இல்லாவிட்டால், இத்தகைய பிழைகள் முழுப் பதிப்பு வரை அப்படியே வந்து சேரும்.

எழுதி அனுப்பும் விதத்தில்தான் பாதிப் பயன் இருக்கிறது. ‘தமிழ் சரியாக வரவில்லை’ என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: ஆண்ட்ராய்டு போன், இன்ன மாதிரி, பீட்டாவின் இன்ன எண். புதிய செய்திப் பெட்டியைத் திறந்து தமிழ்99 விசைப்பலகையில் ‘கொடு’ என்று அடித்து, அழிக்கும் விசையை ஒருமுறை தொட்டால் முழுச் சொல்லும் மறைகிறது. உகரக் குறி மட்டும் நீங்கி ‘கொட’ என்று நின்றிருக்க வேண்டும். பலமுறை செய்தும் இப்படியே. கணினியில் இந்தச் சிக்கல் இல்லை. இப்படி எழுதினால் நிரலாளர் தன் மேசையில் அதை அப்படியே நிகழ்த்திப் பார்க்கலாம். நிகழ்த்திப் பார்க்க முடிந்த பிழை, பாதி தீர்ந்த பிழை. ஸ்கிரீன்ஷாட் ஒன்றும் உடன் இருந்தால் நல்லது; அதில் தொலைபேசி எண், முகவரி போன்றவை தெரியாமல் மறைத்துவிட வேண்டும்.

காத்திருக்கும் நாட்களில் செய்ய வேண்டியவை சில. பீட்டாவைத் தாங்கும் கருவி தனியாக இருப்பது நல்லது. வங்கிக் கணக்கும் அலுவலக வேலையும் ஓடும் ஒரே போனில் அதை நிறுவக் கூடாது. வேறு கருவி இல்லாதவர் முழுப் பதிப்புக்கே காத்திருக்கலாம். அதில் இழப்பு ஒன்றும் இல்லை. நிறுவுகிறவர் அதற்கு முன்பே எல்லாவற்றையும் பேக்கப் எடுத்து, அதைத் தனியாக ஓரிடத்தில் வைக்க வேண்டும். ஐபோனில் பீட்டா நிறுவிய பிறகு எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பில் திரும்ப ஏற்ற முடியாது. முன்பு எடுத்ததுதான் கைகொடுக்கும். வெளியீட்டுக்கு முன்பே ‘பீட்டா கிடைத்துவிட்டது’ என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றும் இணைப்புகளைத் தொடவே கூடாது. ஆவலைப் பயன்படுத்தித் தீம்பொருளைப் புகுத்துவது நெடுநாளாக நடந்துவரும் மோசடி. நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ அதிகாரபூர்வ ஆப் ஸ்டோரிலோ அறிவிக்கப்பட்ட வழி ஒன்றே வழி.

பீட்டா என்ற நிலை எப்போது முடிகிறது என்பதற்குப் பொது விதி ஏதும் இல்லை. கூகுளின் ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று அழைப்பு பெற்றவர்களுக்கு மட்டும் என்று தொடங்கியது. அந்த அழைப்புகளைக் காசு கொடுத்து வாங்கியவர்கள்கூட உண்டு. 2007இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட பிறகும் சின்னத்துக்குக் கீழே பீட்டா என்ற சொல் இருந்தது. 2009 ஜூலையில்தான் நீக்கப்பட்டது. கோடிக்கணக்கானோர் அன்றாடம் பயன்படுத்தும் ஒன்றை ஐந்தாண்டு சோதனை என்றே வைத்திருந்தது அந்தச் சொல்லின் பொருளைத் தளர்த்திவிட்டது. மற்றபடி வழக்கமான முறையில், பீட்டாவை நிறுவியவர்களுக்கு முழுப் பதிப்பு வெளியாகும் நாளில் அது புதுப்பிப்பாகவே வந்து சேரும். சோதனைத் திட்டத்திலிருந்து விலக விரும்புகிறவர் அந்த நாளிலேயே அமைப்புகளுக்குள் போய் பீட்டா பதிவை நிறுத்திவிட வேண்டும்; இல்லாவிட்டால் அடுத்த பதிப்பின் முதல் பீட்டாவும் அதே கருவிக்குத் தானாக வந்து நிற்கும்.